பொறிவண்டைக் கொல்லச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 22 வருடமாகத் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூடச் சீருடை, இவைதான் என் பிழைப்பு. வீட்டுக்குப் பின்னால் 4 சென்ட் இடம் கிடக்கிறது. ஆடிப்பட்டத்திலும் தைப்பட்டத்திலும் அதில் கத்தரி, மிதிபாகல், பூசணி, சீனியவரை, தட்டைப்பயறு, வெண்டை எல்லாம் போடுகிறேன். காய்கறிச் சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்கள் உண்டு. பறித்த கையோடு அடுப்பில் ஏறும் கத்தரிக்காயின் ருசி அவர்களுக்குத் தெரியாது. என்ன மருந்து அடித்தார்களோ என்ற பயம் இல்லாமல் பிள்ளைகளுக்குச் சோறு போடலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். உங்கள் பத்திரிகையில் வாரம் ஒருமுறை வரும் விவசாயப் பக்கத்தைக் கத்தரித்து மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டி வைப்பது என் வழக்கம். அந்தப் பக்கத்தை நம்பி நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சென்ற ஆவணியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார், வீட்டுத் தோட்டத்தில் புள்ளி போட்ட வண்டுகள் தொல்லை தருகின்றன, என்ன செய்யலாம் என்று. "புள்ளி வண்டுகளைக் கண்டவுடன் கையால் பிடித்து அழிக்கவும், அதிகமாக இருந்தால் மருந்து தெளிக்கவும்" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. பக்கத்தில் ஒரு வண்டின் படம். சிவப்பு முதுகு, கறுப்புப் புள்ளி, பளபளவென்று அழகாக இருந்தது. அந்தச் சமயத்தில் என் கத்தரி இலையெல்லாம் சல்லடையாகிக்கொண்டிருந்ததால் அந்த இரண்டு வரியை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு மதினிக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு பேருமாக ஒரு வாரம், காலையும் மாலையும், சோப்புத் தண்ணீர் கிண்ணத்தோடு இறங்கினோம். கத்தரியில் இருந்ததையும் பிடித்தோம், தட்டைப்பயற்றுக் கொடியில் இருந்ததையும் பிடித்தோம். புள்ளி இருந்தால் கிண்ணத்துக்குள். கறுப்பாக முதலை மாதிரி ஓடிய புழுக்களையும் விடவில்லை. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், கிண்ணத்தில் 63 கிடந்தன. அன்று எனக்கு அவ்வளவு திருப்தி.

இரண்டு வாரம் கழித்துத் தட்டைப்பயறு கறுத்துப் போனது. குருத்து, பூங்கொத்து, பிஞ்சு, ஒன்று விடாமல் அசுவினிப் பேன் அப்பிக்கிடந்தது. இலை ஒட்டும் பிசினுமாக, எறும்பு வரிசை கட்டி ஏறியது. தட்டைப்பயற்றில் அசுவினி வருவது புதிதில்லை. வருடா வருடம் வரும், கொஞ்ச நாளில் தானாகக் குறையும். அந்த முறை குறையவில்லை. அவரையிலும் ஏறியது. இத்தனைக்கும் கத்தரி இலை பழையபடிதான் சல்லடையாகிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை விடுமுறைக்கு என் அண்ணன் மகள் வந்தாள். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிறாள். கொடியைப் பார்த்தாள், கிண்ணத்தில் மிதந்ததைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அத்தே, இத ஏன் கொன்னிய? இது நம்ம ஆளுல்லா!" என்றாள். சுவரில் ஒட்டியிருந்த உங்கள் துணுக்கைக் காட்டினேன். படித்துவிட்டுச் சொன்னாள்: பதிலில் சொல்லியிருப்பது கத்தரி தின்னும் எபிலாக்னா வண்டைப் பற்றி, போட்டிருக்கும் படம் அசுவினி தின்னும் பொறிவண்டு. இரண்டும் ஒரே குடும்பம், அதனால்தான் ஜாடை ஒன்றாக இருக்கிறது. தொழில்தான் வேறு. ஒன்று இலையைச் சுரண்டும். மற்றது அந்த இலையில் சாறு உறிஞ்சுகிற பேனைத் தின்னும். நான் கொன்ற 63-இல் பாதிக்கு மேல் எனக்குக் கூலி வாங்காமல் வேலை செய்தவை.

எனக்கு வாய்ச்சொல்லில் நம்பிக்கை வராது. கழுவிக் காய்ந்த ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் அசுவினி அப்பிய குருத்தை ஒடித்து வைத்து, எஞ்சியிருந்த கறுப்புப் புழு ஒன்றை, அதுதான் பொறிவண்டின் குஞ்சாம், தேடிப் பிடித்து உள்ளே விட்டேன். வாயில் மெல்லிய துணி கட்டினேன். பெரிய பேன்களை மட்டும் எண்ணினேன், 45 இருந்தன. ஊசி கோக்கும்போது போடுகிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் புழு முதலில் தண்டில் மேலும் கீழும் அலைந்தது, கண் தெரியாதவர் கையால் சுவரைத் தடவுவது போல. ஒரு பேன் மேல் தலை முட்டியதும் நின்றது. இரண்டு முன்னங்காலாலும் அதை அணைத்துத் தூக்கியது. பேனின் ஆறு காலும் அந்தரத்தில் துடித்தன. உறிஞ்ச உறிஞ்சப் பேனின் உடம்பு சுருங்கி, கடைசியில் வெறும் தோலாகக் கீழே விழுந்தது. அதை உதறிவிட்டு அடுத்ததற்குப் போனது. மறுநாள் காலையில் பாட்டிலில் பேன் ஏழுதான் இருந்தது, அடியில் தோல் குவியல். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் மதினிக்குக் காட்டினேன். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

அன்றிலிருந்து இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினேன். உங்கள் வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் என் தொழில் பாஷையிலேயே சொல்கிறேன். பொறிவண்டின் முதுகு சாட்டின் துணி, எபிலாக்னாவின் முதுகு வெல்வெட் துணி. வெயிலில் பிடித்துப் பார்த்தால் பொறிவண்டு வழுவழுவென்று ஒளியைத் திருப்பி அடிக்கும். எபிலாக்னாவில் நுண்ணிய முடி இருப்பதால் மங்கலாக, செம்பு துலக்காமல் கிடப்பது போல இருக்கும். கத்தரியில் எனக்கு அதிகம் கிடைத்தது ஒவ்வொரு இறக்கை மூடியிலும் 14 புள்ளி, ஆக மொத்தம் 28 புள்ளி உள்ளது. அளவில் மிளகைவிடச் சற்றுப் பெரிது. எங்கள் பக்கம் தட்டைப்பயற்றில் வரும் பொறிவண்டு அதைவிடச் சிறியது. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த முதுகில் கறுப்பு நெளிகோடு போட்டது ஒரு வகை, சிவப்பில் கறுப்புப் பட்டை போட்டது இன்னொரு வகை.

வண்டைவிடப் புழுவைப் பிரிப்பது சுலபம். எபிலாக்னா புழு மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் கிளை கிளையாக முள், இலையின் அடியில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு மந்தமாகத் தின்றுகொண்டிருக்கும். பொறிவண்டின் புழு கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் வெள்ளையோ மஞ்சளோ திட்டுப் போட்டு, நீண்ட காலோடு விறுவிறுவென்று ஓடும். ஓடுகிறதா, உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அதற்குப் பிறகு இலையைப் பாருங்கள். எபிலாக்னா இருந்த இலையில் பச்சையை மட்டும் சுரண்டி எடுத்திருக்கும், நரம்பும் மெல்லிய தோலும் நிற்கும். நெட் துணியை வெளிச்சத்தில் பிடித்தது போல இருக்கும், இரண்டு நாளில் காய்ந்து பழுப்பாகும். பொறிவண்டு இருக்கிற இலையில் ஒரு கீறல்கூட இருக்காது.

பூசணி இலையில் வெள்ளை மாவு பூத்தது போல் சாம்பல் நோய் வரும்போது எலுமிச்சை மஞ்சளில் சிறு வண்டு ஒன்று வரும். அதுவும் பொறிவண்டு இனம்தான், அந்தப் பூசணத்தைத் தின்ன வருவது. நோயைக் கொண்டுவந்ததே அதுதான் என்று நினைத்து அதையும் நான் பல வருடம் நசுக்கியிருக்கிறேன்.

முட்டைதான் கஷ்டம். இரண்டுமே மஞ்சளாக, நீள்வாட்டில் நிமிர்த்தி வைத்த மாதிரி, இலையின் அடியில் கூட்டமாக இடுகின்றன. எபிலாக்னா கொஞ்சம் இடைவெளி விட்டு இடும், பொறிவண்டு நெருக்கி இடும் என்று அண்ணன் மகள் சொன்னாள். எனக்கு இன்னும் அது பிடிபடவில்லை. நான் வைத்திருக்கும் வழி இதுதான்: அசுவினி இல்லாத கத்தரி இலையிலோ பாகல் இலையிலோ முட்டை இருந்தால் இலையோடு கிள்ளி நசுக்குவேன். அசுவினி இருக்கிற செடி என்றால் தொடமாட்டேன், காம்பில் சிவப்பு நூல் கட்டி வைப்பேன். மூன்று நாலு நாளில் பொரிந்துவிடும். மஞ்சள் முள்ளாக வந்தால் நசுக்குவேன், கறுப்பாக வந்தால் நூலை அவிழ்த்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐப்பசியில் மிதிபாகல் இலையில் எபிலாக்னா புழுக்களைத் தேடும்போது சில புழுக்கள் மஞ்சள் மாறிப் பழுப்பாக, விறைத்து, தொட்டாலும் அசையாமல் ஒட்டிக்கிடந்தன. செத்துப்போனது என்று கிள்ளிப் போடப் போனேன். அண்ணன் மகள் கையைப் பிடித்துத் தடுத்தாள். அப்படி நாலைந்து புழுவை இலையோடு எடுத்து ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மூடி வைத்தோம். ஐந்தாம் நாள் திறக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளே கடுகில் பாதிகூட இல்லாத கறுப்புக் குளவிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு புழுவின் முதுகிலும் குண்டூசியால் குத்தினது போல் ஓட்டை. அந்தக் குளவி புழுவுக்குள் முட்டையிடும், குஞ்சுகள் புழுவை உள்ளேயே தின்று வளர்ந்து ஓட்டை போட்டு வெளியே வரும். அதற்குப் பெடியோபியஸ் என்று பெயராம். மெக்சிகோ அவரை வண்டு என்று எபிலாக்னா இனத்து வண்டு ஒன்று அமெரிக்காவில் அவரைப் பயிரை அழித்தபோது, 1966-இல் இந்தக் குளவியை நம் நாட்டிலிருந்துதான் கொண்டுபோனார்களாம். அங்கத்திய குளிரைத் தாங்கி உயிரோடு இருக்காது என்பதால், வளர்த்து வருடா வருடம் புதிதாக விடுகிறார்கள் என்றாள். அவ்வளவு தூரம் கப்பலேற்றி வாங்கின பொருள் என் பாகல் கொடியில் சும்மா கிடக்கிறது, நான் அதையும் சேர்த்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். டப்பாவைக் கொடியடியில் கொண்டுபோய்த் திறந்துவிட்டேன். இப்போது மஞ்சளாக அசைகிற புழுவை மட்டும்தான் நசுக்குகிறேன். பழுப்பாக விறைத்தது அப்படியே இருக்கட்டும்.

சரி, கொல்ல வேண்டியதை எப்படிக் கொல்வது? எபிலாக்னாவுக்கு எனக்குப் பலித்தது காலை ஆறு மணி. வெயில் ஏறும் முன் அது சோம்பிக் கிடக்கும். தொட்டால் காலை மடக்கிச் செத்தது போல் விழும், அந்தக் குணத்தையே பயன்படுத்திக்கொள்கிறேன். பழைய சாப்பாட்டுத் தட்டில் சோப்புத் தண்ணீரை ஊற்றி இலைக்கு நேர் கீழே பிடித்துக்கொண்டு, மேலே இலையை ஒரு தட்டு தட்டினால் தட்டிலேயே விழுந்துவிடும். கையால் பிடிக்கப் போனால் மண்ணில் விழுந்து காணாமல் போகும். கத்தரி நட்ட முதல் 40 நாள் இதை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். நான் நாற்பது கவுன் தைக்க வேண்டிய வாரத்தில்கூட இதை விட்டதில்லை, கால் மணி நேர வேலைதான்.

ஆனால் கத்தரியை மட்டும் பார்த்தால் ஆகாது. என் கிணற்றடியில் ஒரு சுண்டைச் செடி நிற்கிறது, வேலியில் தூதுவளை, குப்பைமேட்டில் மணத்தக்காளி. இவை மூன்றும் கத்தரிக்கு உறவு, வண்டுக்கு மூன்றும் ஒன்றுதான். கத்தரி இல்லாத மாதங்களில் சுண்டையில் குடியிருந்துவிட்டு நான் நாற்று நட்டதும் இறங்கி வரும். சுண்டையை வெட்டச் சொல்லமாட்டேன், வத்தக்குழம்புக்கு எங்கே போவது? நாற்று நடுவதற்கு ஒரு வாரம் முன்பு அதன் அடி இலைகளைப் புரட்டிப் பார்த்து முட்டையும் புழுவும் இருக்கிற இலைகளைக் கிள்ளிவிடுகிறேன். அந்த ஒரு வேலைக்குப் பிறகு கத்தரியில் வண்டு வருவது நன்றாகக் குறைந்தது.

மிஞ்சினால் வேப்பமுத்துச் சாறு. ஆனி, ஆடியில் மரத்தடியில் பொறுக்கி நிழலில் காய வைத்த முத்தை உடைத்து, பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊற வைப்பேன். காலையில் பிழிந்து வடிகட்டி வைத்துவிட்டு, சாயங்காலம் துளி சோப்பு கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி அடிப்பேன். வெயிலில் அதன் வீரியம் கெட்டுவிடும், அதனால்தான் சாயங்காலம். அடித்த மறுநாளே வண்டு செத்து விழும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வண்டு தின்பதை நிறுத்தும், புழு தோல் உரிக்க முடியாமல் தேங்கும். பொறுமை இல்லாமல் மூன்றாம் நாளே "வேம்பு வேலை செய்யவில்லை" என்று கடைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். இதையும் வண்டு இருக்கிற கத்தரியில் மட்டும் அடிப்பேன், பொறிவண்டுப் புழு ஓடுகிற தட்டைப்பயற்றுப் பக்கம் கொண்டுபோகமாட்டேன்.

பூசணிக்கு வருவது வேறு வண்டு. ஆரஞ்சுச் சிவப்பில், புள்ளியே இல்லாமல், சற்று நீளமாக இருக்கும். வெயில் ஏறிவிட்டால் கிட்டே போனதும் பறந்துவிடும். பெரிய கொடியை அது தின்றால் கொடி தாங்கும். முளைத்து இரண்டு இலை விட்ட பருவத்தில் வந்தால் ஒரே நாளில் முளையை மொட்டையடித்துவிடும். மூன்று வருடம் முன்பு ஒரே ஆடியில் மூன்று தடவை விதை போட்டேன். பிறகுதான் கவுனுக்கு வைத்துத் தைத்து மிஞ்சிய நெட் துணியில் குல்லாய் மாதிரி தைத்து, மூங்கில் குச்சி நட்டு முளையின் மேல் கவிழ்த்தேன். ஓரத்தைச் சுற்றி மண் அணைத்தேன். ஐந்து இலை வரும்வரை குல்லாய் இருக்கட்டும், பிறகு எடுத்துவிட வேண்டும். பூக்கும்போது தேனீ வந்தாக வேண்டுமே.

இதிலும் ஒரு பாடம் கற்றேன். ஒரு குழியில் மட்டும் குல்லாய்க்குள்ளேயே இரண்டு வண்டு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. ஓரத்தில் இடுக்கே இல்லை. பிறகு புரிந்தது: அந்த வண்டு கொடியடி ஈரமண்ணில்தான் முட்டையிடும், புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்ந்து அங்கேயே கூட்டுப்புழுவாகும். அது போன பட்டத்தில் பூசணி போட்ட அதே குழி. உள்ளிருந்து வந்த வண்டுக்கு நானே பந்தல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது கொடி ஓய்ந்ததும் வேரோடு பிடுங்கி, குழி மண்ணைக் கொத்திப் புரட்டி வெயிலில் போடுகிறேன், கோழி கிளறித் தின்றுவிடும். அடுத்த பட்டத்துக்குக் குழியை மாற்றுகிறேன். விடியற்காலைப் பனி ஈரத்தில் இலைமேல் விறகுச் சாம்பல் தூவுவதும் உதவுகிறது, சாரல் காலத்தில் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதுதான் எங்கள் பக்கத்துக் கஷ்டம். பாகலை இந்தச் சிவப்பு வண்டு அவ்வளவாகத் தொடுவதில்லை.

கத்தரி இலை ஓரத்தை ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டினது போல் பல் பல்லாகத் தின்றிருந்தால் அது சாம்பல் நிற மூக்கு வண்டு. இலையில் தின்பது பெரிய சேதமில்லை. அதன் புழு வேரைத் தின்று, உச்சிவேளையில் செடி வாடி நிற்கும், தண்ணீர் விட்டாலும் தேறாது. நடும்போதே குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போடுவதுதான் நான் செய்வது.

கையால் பிடிக்கச் சொல்கிறவர்கள் கட்டாயம் சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வெண்டைப் பூவையும் செம்பருத்திப் பூவையும் தின்ன வரும், கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட நீளமான வண்டை வெறும் கையால் தொடக் கூடாது. கொப்புள வண்டு என்று பெயர், நசுங்கினால் அதன் நீர் பட்ட இடம் கொப்புளிக்கும். மதினியின் பேரனுக்கு உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் வந்து ஒரு வாரம் சோறு ஊட்டிவிட்டார்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டுதான் அதைப் பிடிக்க வேண்டும்.

பதிலின் இரண்டாவது வரி "மருந்து தெளிக்கவும்". என்ன மருந்து, எவ்வளவு, அடித்தபின் எத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது, ஒன்றுமே இல்லை. அதைப் படித்துவிட்டு மதினி ஒரு மருந்துக் கடைக்குப் போனாள், துணைக்கு நானும் போனேன். கடைக்காரர் எந்தச் செடி என்று கேட்கவில்லை, என்ன வண்டு என்றும் கேட்கவில்லை. "எந்த வண்டா இருந்தா என்னக்கா, இத அடிச்சா எல்லாம் காலி" என்று பெரிய டப்பாவிலிருந்து ஒரு கலர் பாட்டிலில் ஊற்றி, மூடியைத் திருகிக் கொடுத்தார். நான் பெரிய டப்பாவை வாங்கிப் பார்த்தேன். பூச்சிமருந்து டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறம்தான் விஷத்தின் அளவு. சிவப்பு என்றால் மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று குறைந்துகொண்டு வரும். இதில் சிவப்பு. மோனோகுரோட்டோபாஸ். காய்கறியில் அதை அடிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே தடை போட்டாயிற்று. அதைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிப் பேரப்பிள்ளை தவழுகிற வீட்டுக்குக் கொடுக்கிறார். வாங்காமல் திரும்பி வந்துவிட்டோம். ஆனால் உங்கள் பக்கத்தைப் படித்த எத்தனை பேர் வாங்கிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. "எல்லாம் காலி" என்றால் பொறிவண்டும் காலி, அந்தக் கறுப்புக் குளவியும் காலி. தின்கிற எபிலாக்னா இரண்டு வாரத்தில் சுண்டையிலிருந்து மறுபடி வரும். அசுவினியைத் தின்னவும் எபிலாக்னா புழுவைத் துளைக்கவும் ஆள் இருக்காது.

தவறான ஆளைக் கொல்வது என் தோட்டத்தில் மட்டும் நடப்பதில்லை. 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டு, பப்பாளியும் மல்பெரியும் மரவள்ளியும் ஊர் ஊராக வெளுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். மருந்தடித்து ஓயவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவி கொண்டுவரப்பட்டு, அதை வேளாண் பல்கலைக்கழகம் வளர்த்து விட்ட பிறகுதான் அடங்கியது. மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டு ஒன்றும் நம்மிடம் இருக்கிறது, 1898-லேயே காபித் தோட்டங்களுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டது. அதன் புழு அச்சு அசலாக மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை இழை தொங்கிக்கொண்டு இருக்கும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுவோம் இல்லையா, அப்போது இதையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறோம். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, சீண்டினால் வேகமாக நகர்ந்தால் அது பொறிவண்டுப் புழு. விட்டுவிட வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகையிடம் நான் கேட்பது இதுதான். இந்த ஆடிப்பட்டம் தொடங்குவதற்கு முன் அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் போடுங்கள். எபிலாக்னாவும் பொறிவண்டும், முட்டை, புழு, வண்டு மூன்று நிலையிலும், பக்கத்தில் பக்கத்தில், வண்ணப்படமாக வர வேண்டும். குளவி துளைத்த பழுப்புப் புழுவின் படமும் அதில் இருக்கட்டும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அதன் உண்மையான அளவு தெரிகிற மாதிரி ஒரு மிளகையோ கடுகையோ வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சென்ற முறை வந்த படத்தில் வண்டு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது, அந்த அளவில் தேடினால் யாருக்கும் கிடைக்காது. மருந்து என்று எழுதினால் பெயரும் அளவும் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதும் சேர்த்து எழுதுங்கள், இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம்.

தோட்டக்கலைத் துறையினர் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மானிய விலையில் மாடித்தோட்டக் கிட் கொடுக்கிறீர்கள், விதையும் தென்னை நார்க்கழிவும் வேம்பு மருந்தும் அதில் வருகிறது. அதோடு உள்ளங்கை அகலத்தில், தண்ணீர் பட்டாலும் நனையாத அட்டை ஒன்றில் இதே படங்களை அச்சிட்டு, செடியில் கட்டித் தொங்கவிட ஒரு ஓட்டையும் போட்டுக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிமார்கள்தான் எங்கள் தெருவில் அதிகம் செடி வளர்க்கிறார்கள். படம் இருந்தால் அவர்களுக்குப் போதும்.

இந்த வருடம் சாரல் தொடங்கிவிட்டது. கத்தரி நாற்று விட்டிருக்கிறேன், தட்டைப்பயறு நாலு இலை விட்டிருக்கிறது. நேற்று அதில் முதல் அசுவினியும், அதிலிருந்து ஒரு சாண் தள்ளி நெளிகோடு போட்ட பொறிவண்டு ஒன்றும் இருந்தன. உங்கள் பழைய துணுக்கைச் சுவரிலிருந்து பிரித்தெடுத்துவிட்டேன். புதிய படம் ஒட்டுவதற்கு மிஷினுக்கு மேலே அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாவூர்சத்திரம், தென்காசி மாவட்டம்